தாய்லாந்து மாவுக்குத் தண்ணீர் தெளித்தது

தண்ணீர் ஊற்றினால் போகாத அழுக்கு இவ்வுலகில் இல்லை என்பது நெடுங்காலம் என் கொள்கையாக இருந்தது. அந்தக் கொள்கையை, விம்கோ நகரில் ஒரு கோடவுன் வாசலில், ஒரு ஜோடி செருப்புடன் சேர்த்துக் கைவிட நேர்ந்தது.

அப்போது நான் வண்ணாரப்பேட்டை வியாபாரி ஜமால் பாயிடம் கோடவுன் பொறுப்பாளனாக இருந்தேன். தொழில், மரவள்ளி மாவு இறக்குமதி. சேலத்து மாவின் விலை ஏறினால், எங்கள் தாய்லாந்து மாவு துறைமுகத்தில் இறங்கிய கையோடு விற்றுப்போகும். சேலத்தில் விலை சரிந்தாலோ, எங்கள் மூட்டைகள் கோடவுனில் படுத்து உறங்கும். அவற்றுக்குக் காவலாக நானும் இருப்பேன் (உறங்காமல்தான், பாய் இதைப் படிக்கக்கூடும்).

இந்த ஏற்ற இறக்கம் சலித்துப்போன பாய், சேலத்து மாவோடு போட்டிக்கு நிற்காத புதுச் சரக்கு ஒன்றை ஒரு கண்டெய்னர் வரவழைத்தார். முன்பே வேகவைத்து, உலர்த்திப் பொடியாக்கிய மாவு அது. சாஸ், சூப் பொடி செய்யும் ஆலைகளுக்கு உகந்தது. அடுப்பே வேண்டாம், பச்சைத் தண்ணீரிலேயே கெட்டிப்படும். இதையெல்லாம் பாய் எனக்குப் பொறுமையாக விளக்கினார். நானும் தலையசைத்தேன். ஆனால் அவர் சொன்னதைக் காதில் வாங்கியிருக்க வேண்டிய மூளை, மறுநாள் வரவிருந்த விருந்தினருக்கு வரவேற்புரை இயற்றிக்கொண்டிருந்தது.

விருந்தினர் ஒரு சாஸ் ஆலையின் தர அதிகாரி. சரக்கைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் அந்த அம்மையார்.

"பெரியவரே, இந்தம்மா வேணான்னு சொல்லிட்டாங்கன்னா கண்டெய்னர் மொத்தமும் நம்ம தலைலதான்," என்றார் பாய். "அப்பறம் கோடவுன காலி பண்ணிக்கினு வூட்டுக்குப் போவ வேண்டியதுதான். நானும் நீங்களும்."

மறுநாள் காலை வந்து பார்த்தால், புதுச் சரக்கு மூட்டையொன்றின் மூலை கிழிந்து, வாசல் நெடுக மாவு சிந்திக் கிடந்தது. மேஸ்திரி ஏகாம்பரத்தை அழைத்துக் கழுவச் சொன்னேன்.

"தொடப்பத்தால கூட்டித் தள்ளிட்டா இன்னா சார்? மோட்டாரு ரிப்பேரா கீது. பக்கெட்டுலதான் தூக்கினு வரணும்," என்றான் அவன்.

"ஏகாம்பரம், விருந்தினர் வரும் வாசலுக்கு நீர் தெளிப்பது நம் மரபு. மாவோ பச்சைத் தண்ணீர் பட்டால் ஓடிவிடும். வெந்நீர் பட்டால்தான் கஞ்சியாகும். வேட்டிக்குக் கஞ்சி போடும் எவரும் அறிந்த உண்மை இது."

"நீ சொன்னா சர்தான் சார்," என்று அவன் பக்கெட்டை எடுத்தான்.

மாவு ஓடவில்லை. ஊற்றிய நீரைக் குடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தது. தண்ணீர் போதவில்லை என்று முடிவுசெய்து மேலும் ஊற்றச் சொன்னேன். அது உப்பியது.

"சார், இது வளருது சார்."

"ஊற்று."

சற்று நேரத்தில் வாசல் முழுவதும் கண்ணாடிபோல் பளபளக்கும் பசைக்குளமாயிற்று. ஏகாம்பரம் துடைப்பத்தை ஊன்றி இழுத்தான். கையோடு பாதிக் குச்சிகள் வந்தன. மீதி வர மறுத்தன. அந்த நேரம் பார்த்துப் பாயின் கார் வந்து நின்றது.

அம்மையார் இறங்கினார். நான் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில், கைகூப்பியபடி முன்னேறினேன்.

"கடல் கடந்து வந்த மாவைக் காண, கால்நோவு பாராமல் வந்த அம்மையே..."

நான் வந்தேன், என் செருப்புகள் வரவில்லை. வெறுங்கால் பசையில் பட்டதும் வழுக்கிற்று. கைகூப்பிய நிலை கலையாமலே உட்கார்ந்தவாக்கில் சறுக்கிப் போய், அம்மையாரின் பாதங்களுக்கு ஒரு சாண் முன்பாக நின்றேன்.

பாய் குனிந்து பார்த்தார். "இன்னா பெரியவரே, கால்ல வுழுந்து ஆர்டர் கேளுங்கன்னா சொன்னேன் நானு?"

அம்மையார் சிரிக்கவில்லை. என் அருகே குந்தி, என் வேட்டி ஓரத்துப் பசையை இரு விரலால் தொட்டு இழுத்துப் பார்த்தார். "சூடு பண்ணீங்களா?"

"பச்சத் தண்ணிதாம்மா," என்றான் ஏகாம்பரம்.

"நல்லாத்தான் கெட்டியாகுது. ஆனா கட்டி கட்டியா இருக்கே. சாஸ்ல இப்படி வந்தா பாட்டில் மொத்தமும் திரும்பி வந்துடும்." எழுந்து கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார். கார் பக்கம் திரும்பவும் செய்தார்.

கோடவுன் காலியாகும் காட்சி என் கண்முன் வந்தது. பாய் மட்டும் பதறவில்லை. எங்கள் தேநீருக்கு வைத்திருந்த சர்க்கரை டப்பாவைக் கொண்டுவந்து, சர்க்கரையும் மாவுமாக ஒரு டம்ளரில் கலந்து, தண்ணீர் விட்டு ஸ்பூனால் சுழற்றினார்.

"இத்த தனியா தண்ணில போட்டா கட்டி புடிக்கும்மா. சக்கரயோட கலந்துட்டு ஊத்துனா புடிக்காது. உங்க சாஸ்லதான் சக்கர கீதே. எங்க பெரியவரு வாசலுக்குச் சக்கர போட மறந்துட்டாரு."

அம்மையார் டம்ளரைச் சாய்த்தார். பட்டுப்போல் இறங்கியது, ஒரு கட்டியும் இல்லாமல். அதன் பிறகே சிரித்தார். "ஒரு லோடு அனுப்புங்க பாய், பாப்போம்."

அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் பாய் என்னைத் தூக்கிவிட ஆள் அனுப்பினார்.

தண்டையார்பேட்டைக்குப் பேருந்தில் திரும்பினேன். வெயிலிலும் காற்றிலும் வேட்டி காய்ந்து பலகையாகியிருந்தது. "சீட்டு காலியாத்தான கீது, உக்காரு பெர்சு," என்றார் நடத்துநர். நிற்பதே உடலுக்கு நலம் என்று விடையளித்தேன் (மடங்கினால்தானே உட்கார!).

வீட்டில் லுங்கிக்கு மாறி, வேட்டியைக் கழற்றி மூலையில் சாய்த்தேன். அது சாயவில்லை, தானாகவே நின்றது, என் இடுப்பின் அளவும் குறையாமல். என் மனைவி அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நடந்ததை விளக்க நான் தொண்டையைச் செருமி, "இன்று காலை, பெருமைக்குரிய நம் கோடவுனில்..." என்று தொடங்கினேன்.

"அதான் வேட்டி நிக்குதே," என்றாள். "நீங்க உக்காருங்க."

பாயின் கோடவுன் இன்றும் நடக்கிறது. அம்மையாரின் ஆலைக்கு லோடு போய்க்கொண்டுதான் இருக்கிறது. நான் ஓய்வுபெற்றுவிட்டேன். ஆனால் நிச்சயதார்த்தமோ காதுகுத்தோ, நாலு பேர் கூடிய இடத்தில் வாழ்த்துரை வழங்க நான் எழுந்தால் போதும், பின்வரிசையிலிருந்து என் மகளின் குரல் வரும்:

"அப்பா, வேட்டி நிக்குது. நீங்க உக்காருங்க."

நானும் உட்கார்ந்துவிடுகிறேன். வேட்டியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டுதான்.