பாலையாகிப் போன மல்லாட்டைக் கொல்லை

பயம் வந்தால் மற்றவர்களுக்குச் சாமி பெயர் வரும். எனக்குத் திணை வரும். (நிலத்துக்கு நிலம் ஓர் உணர்ச்சி என்று பழந்தமிழில் பிரித்து வைத்தார்களே, அதுதான். பாலை என்றால் பிரிவு. பரீட்சையில் மார்க்கை அள்ளிக் கொடுக்கும்.)

விழுப்புரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் தமிழ் ஆசிரியர் வேலைக்கு மாதிரி வகுப்பு எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். திண்டிவனத்தில் பஸ் ஏற்றிவிட்டபோது அப்பா சொன்னது வழியெல்லாம் காதில் ஒலித்தது.

"இதான் கடைசிம்மா. இதுவும் தட்டிப் போச்சுன்னா அந்த மயிலம் சம்பந்தத்தைப் பேசி முடிச்சிடறேன்."

மயிலத்தார் பெரிய விவசாயக் குடும்பம். மருமகள் வேலைக்குப் போகக் கூடாது என்பதுதான் அவர்களுடைய முதல் கண்டிஷன்.

வகுப்பில் நுழைந்தேன். பின் பெஞ்சில் துறைத்தலைவர் அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், பயம் வந்துவிட்டது. பாடம் ஒரு பழைய, பேர்போன சிறுகதை. புருஷன் சந்தைக்குப் போகிறான். மனைவி கொல்லையில் (எங்கள் பக்கம் புன்செய் நிலத்துக்கு அதுதான் பேர்) நின்று பார்க்கிறாள். கொல்லை வெறுமையாக, மண் கிளறிக் கிடக்கிறது. ஓரத்தில் ஒற்றைப் பனை. அதற்குமேல் ஒரு வரிகூட நினைவில் இல்லை. புத்தகம் கையில்தான் இருந்தது, அதைப் புரட்டிப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

"கிளறிக் கிடக்கும் மண், அவள் மனம்" என்றேன். பிள்ளைகள் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள். அது இன்னும் பயமுறுத்தியது. "இது பாலை. ஒற்றைப் பனை அவளுடைய தனிமை. ஆகவே புருஷன் இனித் திரும்ப மாட்டான்." அதுவும் போதாதென்று அவனை வழியிலேயே சாகடித்தேன்.

துறைத்தலைவர் எழுந்தார்.

"எந்த ஊரும்மா நீங்க?"

"திண்டிவனம் பக்கங்க மேடம்."

"வீட்ல என்ன பயிரு?"

"மல்லாட்டைங்க, நிலக்கடலை."

"புடுங்கின கொல்லை எப்படி இருக்கும்?"

"மண்ணு கிளறி... வெறுமையா இருக்குங்க."

"அதைப் பாத்து உங்கப்பா அழுவாரா?"

"இல்லீங்க. மூட்டையைப் பாத்து சிரிச்சிக்கினு நிப்பாரு."

"கதையிலயும் அவன் மூட்டையை வித்துட்டுப் புடவையோட வர்றாம்மா. கடைசிப் பக்கம்."

வகுப்பு சிரித்த சிரிப்பில் நிலம் பிளந்து என்னை விழுங்கினால் போதும் என்றிருந்தது. எந்தத் திணையானாலும் சரி.

பஸ்ஸில் அழுதுகொண்டே ஊர் வந்து, அப்பாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். கல்யாணத் தேதியைச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். முறைத்தார். பிறகு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நெஞ்சு வலியோ என்று அம்மா பதறி ஓடி வந்தாள்.

"நம்ம கொல்லையிலயே வளர்ந்துட்டு அதைப் போய் எழவு ஊடுன்னு சொல்லிட்டு வந்துருக்குது. இதை விவசாயி ஊட்ல கட்டிக் குடுத்தா, மல்லாட்டை புடுங்கற அன்னிக்கு ஒப்பாரி வெச்சிடும்டி!"

மயிலத்துக்கு அன்றைக்கே வேண்டாமென்று சொல்லி அனுப்பினார்.

இப்போது திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். எந்தக் கதையானாலும் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் வகுப்புக்குள் நுழைகிறேன். வருஷா வருஷம் மல்லாட்டை முற்றியதும் அப்பாவின் போன் வந்துவிடும். ஹலோகூடக் கிடையாது.

"பாலை ரெடிம்மா. ஆளு பத்தல, லீவு போட்டுட்டு ஜல்தி வா. ஒப்பாரி வேணாம், கூடை மட்டும் எடுத்துக்கினு வா."