கள்ளுக்கடையில் மூன்று கையெழுத்து

சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஒரே கதையை மூன்று பேரிடம் கேட்க வேண்டும், அவர்கள் சொன்னபடியே எழுத வேண்டும், ஆளுக்கொரு கையெழுத்து வாங்கிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப வேண்டும்.

நான் பி.ஏ. தமிழ், இரண்டாம் வருடம். கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கல்லூரி. எங்களுக்கு ஆய்வுக் கட்டுரை எழுதப் பழக்கும் தாள் ஒன்று உண்டு. இன்டெர்னல் இருபது மதிப்பெண்; இரண்டு கட்டுரையில் எது அதிகமோ அதுதான் கணக்கு. பாதியாவது வராவிட்டால் அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து அதே தாளை மறுபடி எழுத வேண்டும். அந்த ஜூனியர்களில் என் சொந்தத் தம்பியும் ஒருவன்.

முதல் கட்டுரைக்கு இரண்டு மதிப்பெண் வாங்கியிருந்தேன். இணையத்தில் எடுத்தது. எடுத்த பக்கத்தின் அடியில் இருந்த 'மேலும் படிக்க இங்கே அழுத்தவும்' என்ற வரியையும் சேர்த்தே கைப்பட எழுதியிருந்தேன்!

இரண்டாவது கட்டுரை, வாய்மொழிக் கதை. பாடம் எடுக்கும் மிஸ் மூணாறுப் பக்கம், எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். வகுப்பில் முதலிலேயே சொல்லிவிட்டார்.

"பாட்டி வேண்டாம். போன வருசம் பூரா பாட்டியா வந்துச்சு. அத்தனை பாட்டியும் ஒரே கதையத்தான் சொல்லுதாங்க. அதுல நாலு பாட்டி நெட்டுல இருந்து வந்த பாட்டி."

எங்கே, எப்போது, எந்த நிலையில் கதை சொன்னார்கள் என்று எல்லாம் குறிக்க வேண்டும். வார்த்தையை மாற்றக் கூடாது. "நீ அழகுபடுத்துனா எனக்குத் தெரிஞ்சுரும். உனக்கு அழகா எழுத வராது" என்றார் என்னைப் பார்த்து.

பாட்டிகள் இல்லையென்றால் யார்தான் கதை சொல்கிறார்கள்? பக்கத்து வீட்டு செல்வியக்காவைக் கேட்டேன். அவர் ஒரு கள்ளுக்கடையில் சமையல்.

"கதைதானே? எங்க கடைக்கு வா அம்மிணி. பதினொரு மணிக்கு மேல ஒருத்தனும் வாயை மூட மாட்டான்."

எனக்கு அது மிகச் சிறந்த ஆய்வுக் களமாகத் தோன்றியது. அப்படித் தோன்றிய எதுவும் இதுவரை எனக்கு நல்லபடியாக முடிந்ததில்லை.

கடையில் சமையற்கட்டை ஒட்டிய பெஞ்சில் உட்காரவைத்தார் அக்கா. கப்பைக் கிழங்கு வெந்த மணம், மீன் குழம்பு மணம். ஏழெட்டுப் பேர், ஏக இரைச்சல். நான் பையிலிருந்து நோட்டையும் படிவங்களையும் எடுத்தேன்.

இரைச்சல் நின்றது.

"எக்சைஸா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"எக்சைஸ்ல இத்தனூண்டு புள்ளைய வேலைக்கு எடுக்க மாட்டாங்க. சர்வேயா இருக்கும்."

"பதிவு செஞ்சுக்கலாமுங்களா?" என்று போனை எடுத்தேன். இரண்டு பேர் துண்டால் முகத்தை மூடினார்கள். ஒருவர் குப்பியோடு கொல்லைப்புறம் போய்விட்டார்.

செல்வியக்கா கரண்டியோடு வெளியே வந்தார். "நம்ம புள்ளைங்க. காலேஜ்ல கதை கேட்டு எழுதியாரச் சொல்லியிருக்காங்க. செக்போஸ்ட் காளை கதையச் சொல்லுங்க."

அவ்வளவுதான்! எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த கதை அது. வண்டிக்காரன் தூங்கிவிட, காளை தானாகவே செக்போஸ்ட் வரை போய், தடுப்புக் கம்பு தூக்கும்வரை நின்று, பொள்ளாச்சி சந்தைக்குப் போய்ச் சேர்ந்த கதை.

வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் முதலில் சொன்னார். காளை ரோட்டோரமாக ஒதுங்கி வரிசையில் நின்றதாம். மீசைக்காரர் ஒருவர் குறுக்கே புகுந்து, அது காளையே இல்லை, எருமை, அதுவும் தன் சித்தப்பாவுடைய எருமை என்றார். எருமை என்றதற்காக ஒரு சின்னக் கைகலப்பு நடக்கப் பார்த்தது. எல்லாவற்றையும் எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக எழுதியதில்லை.

பிறகு படிவத்தை நீட்டினேன். பெயர், வயது, ஊர், கதை சொன்ன இடம், நேரம், கையொப்பம்.

வெள்ளைச் சட்டைக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஒப்பா? அம்மிணி, நான் இப்ப பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில பல்லுப் புடுங்கிட்டிருக்கேன்."

"நான் பழனி மலை ஏறிட்டிருக்கேனுங்க," என்றார் மீசைக்காரர்.

"நான் தென்னங்கன்னு பாக்க வந்தேன்," என்றார் யாரும் கேட்காத ஒருவர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் கள் கிடையாது. ஆகவே எல்லையைத் தாண்டி இங்கே வருகிறவர்கள் யாரும் இங்கே வருவதில்லை. எல்லோரும் வேறெங்கோ இருக்கிறார்கள்.

மிஸ்ஸுக்குப் போன் போட்டேன்.

"பேரை மாத்திக்கிட்டு எழுதச் சொல்லும்மா. அது புனைபெயர்னு அடிக்குறிப்பு ஒண்ணு மறக்காமப் போட்ரு. அடிக்குறிப்பு முக்கியம்."

புனைபெயர் என்றதும் இருவரும் படிவத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினார்கள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இந்தக் கடைக்கு வருகிறவர்கள் ஒரு பெயரைத் தயாராக வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. ஒருவர் தன் சம்பந்தியின் பெயரை எழுதினார் என்பது பிறகு தெரிந்தது.

இரண்டு ஆயிற்று. இன்னும் ஒன்று.

அப்போது வாசலில் தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தார் ஒருவர். செல்வியக்கா எட்டிப் பார்த்து, "வாங்க, வழக்கமாட்டத்தானுங்களே?" என்றார்.

மாமா!

என் அம்மாவின் அண்ணன். ஊர் பொள்ளாச்சிப் பக்கம். எங்கள் சொந்தத்தில் யார் குடித்தாலும் விசாரணை அவர் தலைமையில்தான் நடக்கும். காதுகுத்து விருந்தில்கூட மைக்கைப் பிடித்து, குடி குடியைக் கெடுக்கும் என்று முக்கால் மணி நேரம் பேசுவார். குழந்தை அழுதாலும் நிறுத்த மாட்டார்.

இருவரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

"நீ இங்க எதுக்குக் கண்ணு?"

"நீங்க இங்க எதுக்குங் மாமா?"

"நான் படிக்க வந்தனுங்," என்றேன்.

"நான் மாட்டுக்கு மருந்து வாங்க வந்தேன்," என்றார் மாமா.

செல்வியக்கா மாட்டு மருந்தை ஒரு குப்பியில் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

 எனக்கு மூன்றாவது கையெழுத்து வேண்டும். மாமாவுக்கு என் வாய் மூடியிருக்க வேண்டும். படிவத்தை மெதுவாக அவர் பக்கம் நகர்த்தினேன். நான் வேறெதுவும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் என்னை அப்பாவி என்கிறார்கள்.

மாமா கதை சொன்னார். சொன்னாரா! முதல் குப்பியில் காளை நடந்தது. இரண்டாவது குப்பியில் மாமா எழுந்து நின்று காளையாகவே மாறிவிட்டார்.

"கம்புகிட்ட வந்து நின்னுச்சு. அப்பறம் என்னாச்சுங்கறே? ஆபீசரைப் பாத்துக் கேட்டுச்சு. 'ஏனுங், நான் அந்தப் பக்கமும் மேயறேன், இந்தப் பக்கமும் மேயறேன். போடற சாணி ஒண்ணாத்தான் இருக்குது. என்னைய எதுக்குங் நிறுத்தறீங்க?' அப்பறம் என்னாச்சுங்கறே?"

கடையே கைதட்டியது. பல்லுப் பிடுங்கியவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் ஒரு சொல் விடாமல் எழுதினேன். 'இரண்டாம் குப்பிக்குப் பின் தகவலாளர் காளையின் குரலில் பேசத் தொடங்குகிறார்' என்று ஓரத்தில் குறித்துக்கொண்டேன். மாமா படிவத்தை நிரப்பி மடித்துக் கொடுத்தார்.

மூன்று கையெழுத்து. எண்ணிப் பார்த்தேன். படித்துப் பார்க்கவில்லை. இலக்கிய மாணவி!

கட்டுரையில் தகவலாளர் ஒன்று, இரண்டு, மூன்று என்றே எழுதி, படிவங்களைப் பின்னால் இணைத்துத் திங்கட்கிழமை கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை பல் துலக்கும்போது அடிக்குறிப்பு ஞாபகம் வந்தது. ஒரு வரிதானே, போகட்டும் என்று வாய் கொப்பளித்தேன்.

வெள்ளிக்கிழமை பி.டி.ஏ. கூட்டம். அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். கார்த்திகை மாதம்; அப்பா சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம். ஹாலில் எல்லோரும் "சாமி, இங்க உக்காருங்க" என்று முதல் வரிசையில் இடம் கொடுத்தார்கள்.

மிஸ் மேடையேறினார். "இந்த வருசம் ஒரு பிள்ளை நிஜமாவே வெளிய போயி வேலை செஞ்சிருக்கு. மதிப்பெண் இன்னும் போடல. ஒரு பகுதி வாசிக்கேன், கேளுங்க."

எனக்குப் பெருமையில் காது சூடானது.

"தகவலாளர் மூன்று. பழனிச்சாமி, வயது ஐம்பத்திரண்டு, புளியமரத்துத் தோட்டம், எருத்தேன்பதி."

எங்கள் பக்கம் தோட்டத்தின் பெயரைச் சொன்னால் போதும், ஆள் யாரென்று ஊருக்கே தெரியும். எங்கள் ஊர் எருத்தேன்பதியில் புளியமரத்துத் தோட்டம் ஒன்றுதான். அதில் ஒரு பழனிச்சாமிதான். அவர் முதல் வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்தார்.

"இடம், கள்ளுக்கடை. நேரம், பகல் பன்னிரண்டரை. நிலை, இரண்டாவது குப்பி."

ஹால் முழுக்கத் திரும்பியது. பின்வரிசையில் ஒருவர் மெல்ல, "சாமி... நீங்களா?" என்றார்.

அப்பா எழுந்தார். "நான் சனிக்கிழமை தோட்டத்துல தண்ணி கட்டிட்டிருந்தேனுங்க."

ஆண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. அங்கே பாதிப் பேர் வீட்டில் சொல்லும் பதில் அதுதான்.

நான் எழுந்து நின்றேன். "அடிக்குறிப்பு மிஸ், அடிக்குறிப்பு..." என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை. மிஸ் இதைப் பாராட்டுக்கு நன்றி சொல்வதாக எடுத்துக்கொண்டு கையமர்த்திவிட்டு, மேலே வாசித்தார். காளை செக்போஸ்டில் பேசியது. 'அப்பறம் என்னாச்சுங்கறே?' நான்காவது முறை வந்தபோது அம்மா எழுந்தார்.

"மிஸ், ஒரு நிமிசமுங்க. எங்கூட்டுக்காரரு ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினா அதிசயமுங்க. காளை பேசோணும்னா மொதல்ல இவரு பேசோணுமல்லங்க? இது எங்கண்ணன்! கண்ணாலத்துல மைக்கப் புடிச்சா இதே பேச்சுத்தானுங்க!"

அப்பா அமைதியாக உட்கார்ந்தார். அம்மா வராந்தாவுக்குப் போய்ப் போனை எடுத்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஏனுங்கண்ணா, காளை செக்போஸ்ட் தாண்டிருச்சுங்களா?"

 "எந்தக் காளை?" என்றது போனில் மாமாவின் குரல்.

"எம்பட ஊட்டுக்காரரு பேருதான் உங்களுக்குக் கெடைச்சுதுங்களா? மாலை போட்டிருக்கறாரே!"

"அதனாலதானம்மிணி போட்டேன். அவரு பேரைப் போட்டா யாருமே நம்ப மாட்டாங்கல்ல."

அடுத்த வாரம் கட்டுரை திரும்பி வந்தது. பதினேழு. தம்பியோடு உட்கார வேண்டியதில்லை! மூன்று ஏன் குறைந்தது என்று மிஸ் சிவப்பு மையில் எழுதியிருந்தார். அடிக்குறிப்பு இல்லாததற்கு ஒன்று. தகவலாளர் யாரென்று ஊருக்குக் காட்டிக்கொடுத்ததற்கு இரண்டு.

இனிமேல் அச்சடித்த புத்தகங்களை மட்டுமே ஆராய்வது என்று முடிவு செய்திருக்கிறேன். பேச்சை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்க அவற்றுக்குத் தங்கச்சி கிடையாது.