ஓடக்கோலுக்கு ஓர் இடம்

உயிரே போனாலும் ஓடக்கோலை விட்டுக்கொடுப்பதில்லை என்று ஆடி மாதம் முதல் செவ்வாய்க்கிழமை சபதம் செய்தேன். மனசுக்குள்தான். வாய்விட்டுச் செய்ய முடியாதபடி என் மனைவி பங்காரு எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

"பாவா, இந்த ஊட்ல நாம இருக்கறதா, இந்தக் கட்டைங்க இருக்கறதா? ஒண்ணு சொல்லிடுங்க."

"ரெண்டு பேரும் இருக்கலாமே, பங்காரு."

"கட்டைய 'பேரு'ன்றீங்க பாருங்க, அங்கதான் வம்பே."

அவள் பக்கமும் நியாயம் இருந்தது. எங்கள் வீட்டு நீளம் பதினாலு அடி. ஓடக்கோல் பதினாறு அடி. மிச்ச ரெண்டு அடி ஜன்னல் வழியாகத் தெருவை எட்டிப் பார்க்கும். தெருவில் போகிற மாடெல்லாம் அதில் முதுகு சொறிந்துகொள்ளும். மாடு சொறியும்போதெல்லாம் வீட்டுக்குள் குழம்புச் சட்டி ஆடும்.

பதினெட்டு வருஷத்துக்கு மேல் பக்கிங்காம் கால்வாயில் படகு தள்ளியவன் நான். பட்டணத்துக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவே விறகும் உப்பும் ஏற்றிப் போவோம். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று அந்தச் சித்திரையில் பட்டணமே மூட்டை கட்டியது. படகு முதலாளி படகை உடைத்து மரமாக விற்றுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். உடைத்த இடத்தில் கேட்பாரற்றுக் கிடந்ததை நான் பொறுக்கிக்கொண்டேன். ஓடக்கோல், பாய், இழுகயிறு, சுக்கான் பலகை. ரயில் கார்டோடு மல்லுக்கட்டி, எல்லாவற்றையும் திருத்தணியில் இறக்கினேன். பங்காருவுக்குப் பிறந்த ஊர் நெசவாளர்கள் நிறைந்த அம்மையார்குப்பம்; பக்கத்தில் இருக்கலாம் என்று இங்கே வந்தோம். எனக்கு ரயிலடி விறகுத்தொட்டியில் வேலை. சுற்றிலும் மலை. இங்கே படகு விட வேண்டுமென்றால் முருகன் மனசு வைத்து மலையைக் கரைக்க வேண்டும்.

ஆனாலும் அந்தக் கோலில் என் கை பிடித்துப் பிடித்து வழவழத்த இடம் ஒன்று உண்டு. அங்கே கை வைத்தால் போதும். உள்ளங்காலுக்குக் கீழே படகு அசையும். கயிற்றை முகர்ந்தால் பழவேற்காட்டு உப்புக்காற்று வரும். இதையெல்லாம் பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது?

"அந்தப் பாயையாவது வெளிய போடுங்க."

"பாய் விரிச்சாத்தான் படகு போவும்."

"எங்க ஊர்ல பாய் விரிச்சா ஆளுங்க தூங்குவாங்க. நீங்க உக்காந்து ஏங்கிகினு இருக்கீங்க!"

அப்போதுதான் ஒரு யோசனை தோன்றியது. மறுநாளே அவிழ்த்துவிட்டேன்.

"பங்காரு, திருவாலங்காட்டுல ஒரு பண்ணைக்காரர் ஏரியில ஓடம் விடப் போறாராம். சாமானெல்லாம் குடுத்துடறதா சொல்லிட்டேன்."

"ஆங், நல்லதாப் போச்சு," என்றாள். அவ்வளவுதான். இத்தனை லேசில் நம்பிவிட்டாளே என்று எனக்கே பாவமாக இருந்தது.

திருவாலங்காடும் இல்லை, பண்ணைக்காரரும் இல்லை. சரவணப்பொய்கைப் பக்கம் என் சிநேகிதன் பச்சையப்பனின் வண்டிக் கொட்டகை இருந்தது. எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய் வைத்தேன். தினமும் காலையில், "மலைக்குப் போய் சாமி கும்பிட்டு வரேன்," என்று கிளம்புவேன். கொட்டகையில் வைக்கோல்மேல் நின்றுகொண்டு கோலை ஊன்றுவேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மதகு, ரெண்டு மதகு என்று கடந்துபோவேன். பச்சையப்பனின் எருது மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். மனசு நிறைந்துதான் திரும்புவேன். வீடு வந்ததும் மறுபடி காலியாகிவிடும்.

பதினைந்து நாள் இப்படிப் போயிற்று. ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் போனேன். கொட்டகையில் எருது மட்டும் நின்றது.

"பச்சையப்பா! சாமானெல்லாம் எங்கடா?"

அவன் மூக்கணாங்கயிற்றை அவிழ்ப்பதுபோல் குனிந்துகொண்டான். "நீதான் ஆள் அனுப்பிச்சேன்னு எடுத்துகினு போயிட்டாங்களே!"

"யாரு?"

"எனக்கு இன்னா தெரியும்? நாலு பேரு வந்தாங்க."

அன்று நான் சாப்பிடவில்லை. காரணத்தைச் சொல்லவும் முடியவில்லை. பண்ணைக்காரருக்குக் கொடுத்த சாமான் திருடு போயிற்று என்று யாரிடம் போய் அழுவது?

கிருத்திகையன்று பங்காரு என்னைத் தெப்பம் பார்க்க இழுத்துப் போனாள். பொய்கையைச் சுற்றி நிற்க இடமில்லை. காவடியும் அரோகராவுமாக ஜனக்கடல். படிக்கட்டில் பெண்கள் உட்கார ஒரு நிழல் கட்டியிருந்தார்கள். என் பாய்! தெப்பத்தில் ஏறப் பலகை போட்டிருந்தார்கள். என் சுக்கான்! தெப்பம் தள்ளும் ஆறுமுகத்தின் கையில் என் ஓடக்கோல்!

"பாவா, அது நம்ம கோல் மாதிரி இல்ல?"

"ஓடக்கோல்னா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்."

"அந்தப் பாயில என் பழைய புடவைய வெச்சு ஒட்டுப் போட்டேனே, அதுவும் அப்படியே இருக்குதே?"

"திருவாலங்காட்டுலயும் புடவை கட்டுவாங்க, பங்காரு."

என் பொருள் என் கண்ணெதிரே நிற்கிறது. என்னுடையது என்று சொல்ல எனக்கு வாயில்லை.

அதற்குள் புறப்பட்ட தெப்பம் ஈசானிய மூலையில் படிக்கட்டோடு ஒட்டி நின்றுவிட்டது. ஆறுமுகம் கோலை நட்டுக்குத்தாக ஊன்றித் தள்ளுகிறான். தெப்பம் நகரவில்லை, கோல்தான் வில்லாக வளைகிறது. இன்னொரு தள்ளு தள்ளினால் முறிந்துவிடும்.

"டேய், சாய்ச்சு ஊனுடா! சாய்ச்சு!"

எப்படிப் படியிறங்கினேன், எப்போது ஏறினேன், தெரியாது. கோல் என் கையில் இருந்தது. வழவழத்த இடத்தில் விரல்கள் தாமாகப் போய் உட்கார்ந்தன. ஒரு தள்ளு. தெப்பம் பூப்போல விலகியது. உள்ளங்காலுக்குக் கீழே தண்ணீர். நிஜத் தண்ணீர்! மூன்று சுற்று வந்தேன். கண்ணில் நீர் வழிந்ததைப் பார்த்துப் பக்தி என்று கும்பிட்டார்கள் சிலர்.

கரையேறினேன். பங்காரு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பச்சையப்பன் பொண்டாட்டி குப்பம்மா, நீங்க சாமானெல்லாம் கொட்டாயில வெச்சத அன்னிக்கே சொல்லிட்டா. ஆறுமுகத்தைப் பார்த்து நான்தான் எல்லாத்தையும் குடுத்தேன். இனிமே வருசா வருசம் மூணு நாளு நீங்கதான் தெப்பம் தள்ளணும்னும் பேசிட்டேன்."

கோலுக்குத் தண்ணீர் கிடைத்தது. எனக்குக் கோல் கிடைத்தது. அவளை மனசாரக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. அந்தச் சந்தோஷத்தோடுதான் வீட்டுக்குத் திரும்பினேன்.

கதவைத் திறந்தால் கால் வைக்க இடமில்லை. கூடம் முழுக்க ஒரு தறி நின்றது.

"நீங்க தெப்பத்துல இருக்கச்சே எங்க அண்ணன் வண்டியில கொண்டாந்து போட்டுட்டாரு," என்றாள். குரல் சற்றே இறங்கியது. "கண்ணாலத்தன்னிக்கு இத விட்டுட்டு வந்தேன் பாவா. பதினெட்டு வருசம் உங்க படகு பின்னாலயே வந்தேன். இது எங்க கெடக்குதுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

நான் கேட்டதில்லை. அவள் நூலிழைகளை வருடிக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்தேன். கொட்டகையில் நான் நின்றதும் அப்படித்தான்.

"நல்லா இருக்குது, பங்காரு," என்றேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தறியில் குறுக்கே நூல் ஓட்டும் நாடாக் கட்டையை எடுத்து என் கையில் வைத்தாள். அம்மையார்குப்பத்தில் அதற்கும் ஓடம் என்றுதான் பெயர்.

"இதுக்கு நூல் சுத்திக் குடுக்க ஒரு ஆள் வேணும், பாவா."

தெப்பம் வருஷத்தில் மூன்று நாள். மற்ற நாளெல்லாம், விறகுத்தொட்டியிலிருந்து வந்ததும், நான் நூல் சுற்றுகிறேன்.