சுவா வழியாக ஸ்டேடியத்துக்கு

"எனக்கு வழி தெரியாது" என்று சொல்வதற்கு ஓர் ஆண்பிள்ளைக்குத் தேவைப்படும் துணிச்சல், புலியைப் பிடித்துக் கட்டுவதற்குக்கூடத் தேவைப்படாது என்பது என் கருத்து. (புலியை நான் கட்டியதில்லை. வழி தெரியாது என்றும் சொன்னதில்லை.) ரெம்பாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு, உலகத்தில் எந்த ஊருக்கும் குறுக்கு வழி தெரியும் என்றொரு நினைப்பு இருந்தது. என் வேனில் வந்தவர்கள் யாரும் இதை மறுத்துப் பேசியதில்லை. அவர்களில் மூத்தவளுக்குப் பத்து வயது.

சில ஆண்டுகளுக்கு முன், ஆசிய நாடுகள் எல்லாம் மோதும் பெரிய கால்பந்துப் போட்டி ஒன்று நம் நாட்டில் நடந்தது. ஆட்டம் நடந்தது என்னவோ கோலாலம்பூரில்தான். காய்ச்சல் தோட்டம்வரை வந்துவிட்டது. மளிகைக்கடையில் கருவாட்டுக்குப் பக்கத்தில் மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்ட ஜெர்சிகள் தொங்கின. எங்கள் மாதா கோயில் ஃபாதர், ஆட்டம் இருக்கிற நாளில் பிரசங்கத்தைப் பாதியாகக் குறைத்தார். (ஆட்டம் முடிந்த பிறகு மீதியைச் சேர்த்துச் சொன்னார்.) கோலாலம்பூரில் ஹோட்டல் அறை கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது என்று வானொலியில் சொன்னார்கள். எனக்கென்ன என்று இருந்தேன்.

அப்போதுதான் மரியதாஸ் மச்சான் கூப்பிட்டார். என் மனைவி பிலோமினாவின் அண்ணன். சிரம்பானில் டிராவல் ஆபீஸ் வைத்திருந்தார். ஒரு மேசை, அதன்மேல் ஒரு விமான பொம்மை, அவ்வளவுதான் ஆபீஸ்.

"மாப்ள, ஸ்கூல் லீவு, வேன் சும்மாதானே கெடக்கு?"

"ஆமா மச்சான்."

"உஸ்பெகிஸ்தான்லேருந்து ஆறு பேரு மேட்ச் பாக்க வந்து ஏர்ப்போர்ட்ல குந்திக்கிட்டு இருக்காங்க. அவங்க புக் பண்ண ரூம்ல வேற யாரோ படுத்திருக்காங்களாம். கோலாலம்பூர்ல ஒரு கட்டில்கூட இல்ல லா. உன் வீட்டுல வச்சிக்கோ."

"எங்க வீட்டுல பாத்ரூம் ஒண்ணுதான் மச்சான்."

"அதெல்லாம் சொல்லிட்டேன். இயற்கையோட ஒட்டி வாழுற எடம்னு சொல்லியிருக்கேன். மேட்ச் அன்னிக்கு ஸ்டேடியத்துல கொண்டுபோய் வுடணும். வழி தெரியும்தானே?"

என்னிடம் கேட்கக்கூடாத கேள்வி அது.

வந்தார்கள். ஒவ்வொருவரும் எங்கள் வாசலுக்குக் கதவு போட்டது மாதிரி இருந்தார்கள். தலைவர் பெயர் ருஸ்தம்; அவருக்குத்தான் கொஞ்சம் ஆங்கிலம் வரும். சாமான்களில் என்னைவிட உயரமான இரண்டு துணிப்பைகள் இருந்தன. தூண்டில் கழிகள் என்று நானாக முடிவு செய்து, போர்ட்டிக்சனில் என்னென்ன மீன் கிடைக்கும் என்று வெகுநேரம் விளக்கினேன். ருஸ்தம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். புரியாத எதற்கும் அவர் தலையை ஆட்டுவார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த வகையில் அவர் என் இனம்.

மறுநாள் காலையில் பைகளைத் திறந்தார்கள். உள்ளே பித்தளை எக்காளம். கர்னாய் என்று பெயராம். அவர்கள் ஊரில் கல்யாணத்துக்கும் ஊதுவார்கள், கால்பந்துக்கும் ஊதுவார்கள். இரண்டு பேர் வாசலில் நின்று, வாயை வானத்துக்குத் தூக்கி, ஒத்திகை பார்த்தார்கள். யானைக்குப் பல்வலி வந்து, அந்த யானையை ஒலிபெருக்கிக்கு முன்னால் நிறுத்தினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் முன்னறிவிப்பின்றி இடம் பெயர்ந்தன. ஓய்வு பெற்றுப் பல வருஷமான முனியாண்டி மாமா, காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத்தான் சங்கு ஊதுகிறார்கள் என்று நினைத்து, பூட்சை மாட்டிக்கொண்டு ஓடி வந்து, "இன்னிக்கு எனக்கு எந்த நெரை?" என்று ருஸ்தமிடம் கேட்டார். ருஸ்தம் தலையை ஆட்டினார். மாமா திருப்தியோடு வேலைக்காட்டுக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டார். அவரைத் திருப்பிக் கூட்டி வருவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

ஆட்ட நாள் வந்தது. அன்று உஸ்பெகிஸ்தானுக்கு எதிராக ஆடப்போவது நம் நாடுதான். நான் கோடு போட்ட ஜெர்சி, அவர்கள் வெள்ளை ஜெர்சி. வேனும் மஞ்சள், அதில் கறுப்புப் பட்டை. பள்ளி வேன்களுக்கு அப்படித்தான். தூரத்திலிருந்து பார்த்தால் மலேசியக் குழுவே வருகிறது என்று நினைப்பார்கள்.

பிலோமினா சொன்னாள்: "ஏங்க, பேசாம ரயில்ல கூட்டிட்டுப் போங்க. ரோடெல்லாம் ஜாம்னு சொல்றாங்க."

"இவ்ளோ நீளக் கொழாய ரயில்ல எவன் ஏத்துவான்? ரோடு தெரியாதவன்தான் ஜாம்ல மாட்டுவான் பிலோ."

அவள் எல்லாருக்கும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, எனக்கு மட்டும் இரண்டாகக் கொடுத்தாள். (அதன் அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை.)

நெடுஞ்சாலையில் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே எல்லாம் நின்றது. முன்னாலும் கொடி, பின்னாலும் கொடி. பக்கத்துக் காரில் வந்த குடும்பம் சாலையோரம் பாய் விரித்துச் சாப்பிட்டு, கைகழுவி, பாயைச் சுருட்டி வைத்தது. வண்டிகள் நகரவில்லை. ருஸ்தம் ஒரு தொழிற்சாலைக் கூரையைக் காட்டிக் கேட்டார்:

"ஸ்டேடியம்?"

"நோ, நோ. ஷார்ட்கட்."

என் திட்டம் எளிமையானது. அடுத்த வெளிவழியில் இறங்கி, போர்ட்டிக்சன் பக்கம் போய், சுவாவைத் தொட்டு, செப்பாங் வழியாகக் கோலாலம்பூருக்குள் பின்வாசலில் நுழைவது. உலகத்தில் யாருக்கும் தோன்றாத வழி. சுவாவுக்குப் பக்கத்தில் வந்தபோதுதான் அது எல்லாருக்கும் தோன்றியிருக்கிறது என்று தெரிந்தது. அங்கேயும் கொடிகள். அங்கேயும் நின்றோம்.

இடது பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து மண் சாலை. தோட்டத்தில் பிறந்தவனுக்குத் தோட்டம் வழி காட்டாதா? திருப்பினேன். கண்ணாடியில் பார்த்தால், எனக்குப் பின்னால் ஒரு கார் திரும்பியது. அதன் பின்னால் இன்னொன்று. பள்ளி வேன் ஓட்டுபவன் உள்ளூர்க்காரன், அவனுக்குத் தெரியாத வழியா என்று நம்பி, ஒரு வரிசையே என்னைத் தொடர்ந்தது. அந்த நிமிடம் என் நெஞ்சு எப்படி விரிந்தது என்று சொல்ல முடியாது. பெரிய கங்காணி மாதிரி கையை வெளியே நீட்டி, "வாங்க, வாங்க" என்று சைகை காட்டினேன்.

செம்பனைத் தோட்டத்தின் விசேஷம், எந்த மரமும் பக்கத்து மரத்தைவிட வித்தியாசமாக இருக்காது. சாலைகளும் அப்படியே. கவிழ்ந்து கிடந்த ஒரு கைவண்டியைக் கடந்தோம். பிறகு அதே கைவண்டியை மறுபக்கத்திலிருந்து கடந்தோம். பின்னால் வந்த கார்கள் ஒவ்வொன்றாக ஞானம் பெற்றுத் திரும்பிப் போயின. மழை வேறு பிடித்துக்கொண்டது.

"ஸ்டேடியம்... டுடே?" என்றார் ருஸ்தம்.

"டுடே, டுடே" என்று நான் சொல்லி முடிக்கவும் வேனின் முன்சக்கரங்கள் சேற்றுக்குள் இறங்கவும் சரியாக இருந்தது.

ஆறு பேரும் இறங்கித் தள்ளினார்கள். அவர்கள் பலத்துக்கு வேன் இன்னும் ஆழமாகப் போனது. வேறு வழி தோன்றாமல் ருஸ்தம் கர்னாயை எடுத்து, மரங்களைப் பார்த்து ஊதினார். இன்னொருவர் கூடச் சேர்ந்துகொண்டார். தோட்டமே அதிர்ந்தது. சற்று நேரத்தில் மரங்களுக்கிடையே ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, நெற்றியில் சந்தனத்தோடு ஒருவர்.

"யோவ், எங்கய்யா போய்த் தொலைஞ்சீங்க? முகூர்த்தம் போய்க்கிட்டு இருக்கு, மேளத்தக் காணோம்னு அங்க பொண்ணோட அப்பா அழுவுறாரு!"

"அண்ணே, நாங்க மேளம் இல்ல. ஃபுட்பால்."

"அத அப்புறம் ஆடலாம். இப்ப வா."

அவர் பெண்ணின் தாய்மாமன். அதோடு, அந்தத் தோட்டத்து டிராக்டர் டிரைவரும் அவர்தான். வேனை இழுக்க டிராக்டர் வேண்டும் என்றேன். "தாலி ஏறட்டும், டிராக்டர் தன்னால வரும்" என்றார். வேனையும் பார்த்தேன், வானத்தையும் பார்த்தேன். பிறகு ருஸ்தமிடம் திரும்பி, "வெட்டிங். ஸ்மால் ஸ்டாப்" என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

தோட்டத்துக் கோயில் மண்டபம், துத்தநாகத் தகட்டுக் கூரை. நாற்காலிகள் நிறைய, ஆட்கள் குறைவு. வரவேண்டிய பாதிப் பேர் ஸ்டேடியத்துக்குப் போகும் கூட்டத்தில் சிக்கி, எங்கோ சாலையில் நின்றுகொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா ஆறுமுகம் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து என் பின்னால் நின்றவர்களைப் பார்த்தார்.

"தம்பி, இவங்க...?"

"வெளிநாட்டு செட்டு ஐயா."

"நாதஸ்வரம் இவ்ளோ நீளமா?"

"இது அங்கத்தி சைசு."

(என்னை மன்னிக்க வேண்டாம். அப்போது டிராக்டர் ஒன்றுதான் என் கண்ணில் தெரிந்தது.) பெண் வீட்டார் வெளிநாட்டிலிருந்து மேளம் இறக்கியிருக்கிறார்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் வாயைப் பிளந்தார்கள். பெண் வீட்டார், இது மாப்பிள்ளை வீட்டு ஏற்பாடு என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஐயர் விரலை உயர்த்தி, "கெட்டி மேளம், கெட்டி மேளம்!" என்றார். நான் ருஸ்தமைப் பார்த்துக் கையை அசைத்தேன். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. இரண்டு கர்னாயும், அவர்கள் கூடவே கொண்டுவந்திருந்த பறை மாதிரித் தோலிசைக் கருவியும், மற்றவர்களின் தொண்டையும் ஒரே நேரத்தில் திறந்தன. தகட்டுக் கூரை துள்ளியது. ஐயரின் தேங்காய் உருண்டு மணமேடையை விட்டு இறங்கியது. மாப்பிள்ளை பயத்தில் மூன்று முடிச்சையும் ஒரே மூச்சில் போட்டார். யாரோ அட்சதையைத் தட்டோடு எறிந்தார்கள். மணப்பெண் மட்டும் தலை குனிந்து இருக்கவேண்டிய நேரத்தில், வாய்விட்டுச் சிரித்தாள். அவள் பெயர் கவிதா. அன்று காலையிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான் என்று பிறகு சொன்னார்கள்.

சத்தம் அடங்கிய அந்த நேரத்தில், வாசலில் நான்கு பேர் வந்து நின்றார்கள். முழங்கால்வரை சேறு. ஒருவர் கையில் நாதஸ்வரம், இன்னொருவர் தோளில் தவில்.

"என்ன ஐயா இவ்ளோ லேட்டு?" என்றார் ஆறுமுகம், குழம்பிப்போய்.

"ரோட்டுல ஒரே ஜாம். ஒரு மஞ்ச ஸ்கூல் வேன் தோட்டத்துக்குள்ள திரும்புச்சு. உள்ளூரு வண்டி, கல்யாணத்துக்குத்தான் போவுதுன்னு பின்னாடியே வந்தோம். அந்தக் கிறுக்கன் சுத்தோ சுத்துன்னு சுத்தி, எங்க கார் கால்வாய்க்குள்ள எறங்கிருச்சு. கைய வேற நீட்டி வாங்க வாங்கன்னான்யா!"

மண்டபம் மெதுவாக என் பக்கம் திரும்பியது. நான் மெதுவாக ஜெர்சியின் கோடுகளைக் கையால் மறைத்தேன். நிறைய கோடுகள், இரண்டு கை போதவில்லை.

அதைவிட மோசமான ஒன்று பின்னால் இருந்தது. ருஸ்தம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆட்டம் தொடங்க இன்னும் சற்று நேரம்தான்.

"மிஸ்டர் சேவியர். ஸ்டேடியம்... நோ?"

"நோ" என்றேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக வழியைப் பற்றி ஓர் உண்மையைச் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கர்னாயை மடியில் கிடத்தி, அதன் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எத்தனை தேசம் தாண்டி வந்த மனுஷன். நாலு அறை கொடுத்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மணமேடையிலிருந்து குரல் வந்தது. "அப்பா, எங்க சின்ன வயசு போட்டோ காட்ட புரொஜெக்டர் வச்சிருக்கீங்கள்ல? அதுல மேட்ச்சப் போடச் சொல்லுங்க."

"இன்னிக்கு ஒனக்குக் கல்யாணம் கவிதா!"

"அதான் தாலி ஏறிருச்சேப்பா. இன்னிக்கு மேட்ச் இருக்குன்னு தெரிஞ்சும் இன்னிக்கே நாள் குறிச்சீங்க. நான் ஒரு வார்த்த பேசுனேனா?"

கவிதா பள்ளிக் குழுவில் கோல் காத்தவளாம். காலையிலிருந்து முகம் வாடியிருந்ததன் காரணம் அப்போதுதான் மாப்பிள்ளைக்கே தெரிந்தது. அவர் எழுந்து, தானே புரொஜெக்டரைத் திருப்பி வைத்தார். நல்ல மனிதர்.

அன்று நம் பக்கம் விழுந்த கோல்களைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. ஒவ்வொரு கோலுக்கும் கர்னாய் எழுந்து நின்று முழங்கியது. இரண்டாவது கோலுக்கு நாதஸ்வரக்காரருக்குப் பொறுக்கவில்லை. தானும் எடுத்து ஊதினார். தவில் சேர்ந்தது. இசை அமைந்துபோனதில், கடைசிப் பகுதியில் யார் கோல் போட்டாலும் பரவாயில்லை, போட்டால் சரி என்று மொத்தக் கல்யாணமும் காத்திருந்தது. வராத விருந்தாளிகளின் பங்குப் பிரியாணியை ஆறு பேரும் சேர்ந்து முடித்தார்கள். அதற்குள் தாய்மாமனின் டிராக்டர் போய் வேனையும் மேளக்காரர்களின் காரையும் இழுத்து வந்துவிட்டது. ஆட்டம் முடிந்ததும் ருஸ்தம் என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றி இறக்கினார். அவர்கள் அணி தோற்றிருந்தால் இறக்கியிருக்க மாட்டார் என்று இன்றும் நம்புகிறேன்.

அவர்களுடைய அடுத்த ஆட்டத்துக்குப் பிலோமினா கூட்டிப்போனாள். ரயிலில். கர்னாயை யாரும் ஏற்ற மறுக்கவில்லை. பெட்டியில் இருந்தவர்கள் அதோடு நின்று படம்கூட எடுத்துக்கொண்டார்களாம். ஆட்டம் தொடங்க நிறைய நேரம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்து, அவளும் உள்ளே உட்கார்ந்து பார்த்துவிட்டு, வெள்ளை ஜெர்சியோடு வீட்டுக்கு வந்தாள். நான் தோட்டத்தில் முனியாண்டி மாமாவோடு, கர்னாய்க்கு மிரண்டு ஓடிய மாடுகளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் எதற்குத் தாமதமாக வந்தாலும் "சுவா வழியாவா வந்தே?" என்றுதான் கேட்பார்கள். கடைக்குப் போன மகள், பாத்ரூமுக்குப் போன மச்சான், ஒருவரும் தப்புவதில்லை. போன வருஷம் கவிதாவின் மகனுக்குக் காது குத்து. பத்திரிகை வீடு தேடி வந்தது. பின்பக்கம் மண்டபத்துக்குப் போகும் வழியைப் படமாகப் போட்டு, அதன் கீழே கொட்டை எழுத்தில் ஒரு வரி அச்சடித்திருந்தார்கள்: "வழியில் மஞ்சள் வேன் எதையும் பின்தொடர வேண்டாம்."

விசேஷத்துக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். பிலோமினா ஓட்டினாள்.