கழட்டு பாயும் கண்ணாடி இல்லாத ஸ்கூட்டரும்

மனிதன் செய்த எந்தப் பொருளைக் கொடுத்தாலும் அதில் ஒரு பாகத்தைக் கழற்றிவிட்டு, மீதியை ஓட்டிக் காட்டக்கூடிய ஒரே ஆள் எங்கள் கழட்டு பாய்தான். ஆண்டவர் ஆறு நாளில் உலகத்தைப் படைத்தபோது பாய் பக்கத்தில் இருந்திருந்தால், "கொசு கட்டாயமா, ஆப்ஷனா?" என்று கேட்டுக் கேட்டே வேலையை நாலு நாளில் முடித்துக் கொடுத்திருப்பார்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் எனக்கும் அவருக்கும் அடுத்தடுத்த நாற்காலி. அவர் நாற்காலிக்குக் கைப்பிடி கிடையாது. அவர் மேஜை ஃபேனுக்கு முன்பக்கக் கம்பிக்கூடு கிடையாது. மூக்குக்கண்ணாடிக்கு ஒரு காதுக் கம்பிதான்.

"இன்னொன்னு எங்க பாய்?"

"ஒன்னுலயே நிக்குது மேடம். அப்புறம் இன்னாத்துக்கு ரெண்டு?"

அவருடைய ஸ்கூட்டரை ஊரே அறியும். ஸ்டெப்னி இல்லை, வேகம் காட்டும் மீட்டர் இல்லை, பக்கக் கண்ணாடிகள் இரண்டும் இல்லை. பின்னால் வருகிற வண்டி எப்படித் தெரியும் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "பின்னாடி வர்றவன் ஹாரன் அடிப்பான். எனக்கு ரெண்டு காது இருக்குது. ஒரே வேலைக்கு எத்தினி பார்ட்டு மேடம்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

பிரியாணிக் கடையில் போய், பிரியாணியோடு கட்டாயம் வைக்கும் கத்திரிக்காய்த் தொக்கு இல்லாமல் ஒரு பிளேட் கேட்டிருக்கிறார். கடைக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நீ ஆம்பூர்லதான் பொறந்தியா?" என்றாராம்.

இப்படிப்பட்டவர் கையில், இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்த சமயத்தில், ஓர் இலவச சாஃப்ட்வேர் சிக்கியது. சரக்கு இருப்பு, தயாரிப்புக் கணக்கெல்லாம் பார்க்கும். ஏதேதோ நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதி, அதன் மூல நிரலையும் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டிருந்தார்கள். ஆனால் அது தைத்து முடித்த ஷூ அல்ல. தோல், சோல், பசை எல்லாவற்றையும் அனுப்பி, நீயே ஒட்டிக்கொள் என்பது போல. அப்படி ஒட்டுவதற்குப் பெயர் பில்டு.

எங்கள் ஃபினிஷிங் ஹாலில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் அந்த பில்டு பாதியிலேயே நின்றது. காரணம், ஒலி. சரக்கு குறைந்தால் மணி அடிக்க அந்த சாஃப்ட்வேருக்கு ஒலிப் பகுதி வேண்டுமாம். கம்ப்யூட்டரிலோ அது இல்லை. ஃபினிஷிங் ஹாலில் மெஷின்கள் போடும் சத்தத்தில் மாதா கோயில் மணியைக் கொண்டுவந்து அடித்தாலும் யாருக்கும் கேட்காது.

பாய்க்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "மணி இல்லன்னா, மணி இல்லன்னு சொல்லிட்டுப் போய்ட்டே இருக்கணும். கல்யாணத்துல பேண்டு வரலன்னா மாப்பிள்ளையத் திருப்பி அனுப்புவாங்களா?"

ஒரு வாரம் யாரோடும் பேசாமல் அந்த பில்டைப் பிரித்து மேய்ந்தார். முடிவில் அது எங்களைப் போன்றவர்களிடமும் மரியாதையாகக் கேள்வி கேட்க ஆரம்பித்தது. ஒலி வேண்டுமா? ஃபேக்ஸ் வேண்டுமா? ஸ்கேனர் வேண்டுமா? வேண்டாம் என்றால் அதை விட்டுவிட்டு மேலே போனது. முழுதும் ஒட்டி முடித்து, ஓடவும் ஓடியது.

அதோடு விடாமல் பிரவுசிங் சென்டருக்குப் போய், தான் செய்த மாற்றத்தை அந்த வெளிநாட்டுக்காரர்களுக்கே அனுப்பினார். "ஒலி இல்லாத கம்ப்யூட்டர் இந்தக் காலத்தில் எங்கே இருக்கிறது?" என்று பதில் வந்தது. பாய் எழுதினார்: "ஆம்பூரில், ஃபினிஷிங் ஹாலில். நேரில் வாருங்கள். பிரியாணி என் செலவு." அவர்கள் வரவில்லை. மாற்றத்தை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். அன்றைக்குப் பாய் கத்திரிக்காயோடு பிரியாணி சாப்பிட்டார்.

வெற்றி தலைக்கு ஏறினால் என்ன ஆகும்? அடுத்து, தோலை ஒன்றாம் ரகம், இரண்டாம் ரகம், கழிவு என்று தரம் பிரித்துப் பதியும் பகுதியையும் ஆப்ஷன் ஆக்கினார். புரொடக்‌ஷன் மேனேஜரிடம் போய், "சார், இது வேணுமா, வேணாமா?" என்று கேட்டார்.

"அது ஒரு பேஜாரு பாய். வேணாம், எடுத்துடு."

எடுத்துவிட்டார். அந்த மாதம் எங்கள் கம்பெனிக் கணக்கில் கழிவுத் தோல் என்று ஒரு துண்டுகூடக் கிடையாது. எல்லாமே முதல் ரகம். மேனேஜர் ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வரவழைத்து, வாட்ச்மேன் வரை கொடுத்தார். அந்த இனிப்பு நாக்கில் இருக்கும்போதே, சரக்கைப் பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒரு ஷூவை எடுத்து, அதன் தோலில், மாடு உயிரோடு இருந்தபோது உண்ணி கடித்த ஓட்டை வழியாக மேனேஜரைப் பார்த்தார்.

பாய் அன்று சாயங்காலம் வரை தலை நிமிரவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "கழட்டுனது தப்பில்ல மேடம். ஆளு மாத்திக் கேட்டுட்டேன். தோலைத் தொட்டுத் தரம் பிரிக்கறாங்களே, அந்த அம்மாங்களைக் கேட்டிருக்கணும்."

அடுத்த வருஷம் என் மகள் ஜெனிக்குக் காய்ச்சல் வந்தது. மூளைக்காய்ச்சல் என்றார்கள். வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிள்ளை பிழைத்துவிட்டாள். இரண்டு காதும் போய்விட்டது. அப்போது அவளுக்கு எட்டு வயது. அவளுக்குக் காய்ச்சல் இறங்கி எத்தனையோ காலம் ஆகிறது. எனக்கு இன்னும் இறங்கவில்லை.

எங்கள் வீடு பாதியில் நின்ற பில்டு போல ஆகிவிட்டது. டிவி கிடையாது, விருந்தாளி கிடையாது. ஜெனியை ஞாயிறு பாடகர் குழுவிலிருந்து நிறுத்தினேன். ஆட்டோ வைத்துப் பள்ளிக்கு நானே கொண்டுபோய் விட்டு, நானே கூட்டி வந்தேன். மற்ற நேரத்தில் கேட்டுக்குப் பூட்டு. வெளியே போனால் தோல் லாரி வரும், ஹாரன் அடிப்பான், இவளுக்குக் கேட்காது. என் மனதில் ஓடிய படம் அது ஒன்றுதான்.

பாய் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். முன்பு வந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துப் பேசுவார்கள், ஜெனியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். இவர் நேராக அவள் எதிரில் போய் உட்கார்ந்து, "இன்னா ஜெனி, எப்டி இருக்க?" என்றார்.

ஜெனி அவர் வாயை உற்றுப் பார்த்தாள். பிறகு, தன் குரல் தனக்குக் கேட்காததால், தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். "பாய் அங்கிள், மீசைதான் தெரியுது! நீங்க பேசறது தெரியல!"

பாய் சட்டென்று எழுந்து போனார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். ஆலமர விழுது போலத் தொங்கிக்கொண்டிருந்த மீசை இல்லை. தாடி மட்டும் இருந்தது. மேல் உதட்டைத் தடவிக்கொண்டே, "இதுவும் ஆப்ஷன்தான்" என்றார். வீட்டில் பல மாதம் கழித்து அன்றுதான் சிரிப்புச் சத்தம் கேட்டது.

கம்பெனி தூக்கிப்போட்ட பாகங்களைச் சேர்த்து ஜெனிக்கு ஒரு கம்ப்யூட்டர் கட்டிக் கொடுத்தார். அதற்கு மூடி கிடையாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதில் ஒரு இலவச விளையாட்டை ஏற்றினார். எழுத்துகள் மழை போல விழும். தரையைத் தொடுவதற்குள் கீபோர்டில் தட்டிவிட வேண்டும். ஆனால் விளையாட்டு திறக்கவே மறுத்தது. 'ஒலி இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டிவிட்டு மூடிக்கொண்டது.

நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். ஒரு மெஷின்கூட என் பிள்ளையைப் பார்த்து இதைச் சொல்ல வேண்டுமா?

பாய் பின்னாலேயே வந்து வாசலில் நின்றார். "இன்னாத்துக்கு அழுவறீங்க? அத எழுதினவனுக்கு ஜெனியைத் தெரியாது, அவ்ளோதான். சொல்லிட்டாப் போச்சு."

ஒலியைக் கழற்றக்கூடிய பாகமாக்கினார். மணி அடிக்கும் இடத்தில் திரை மஞ்சளாக மின்னவும், தப்பானால் சிவப்பாகவும் செய்தார். எந்த நிறம் என்பதை ஜெனிதான் சொன்னாள். இந்த மாற்றத்தையும் அனுப்பினார். "சத்தம் இல்லாமல் இதை யார் விளையாடுவார்கள்?" என்று கேட்டிருந்தார்கள். பாய் ஒரே ஒரு வார்த்தை எழுதினார்: "ஜெனி." அதையும் ஏற்றுக்கொண்டார்கள். அந்த விளையாட்டில் ஜெனியை ஜெயிக்க எங்கள் குடும்பத்தில் இன்றுவரை ஆள் இல்லை.

ஏழாம் வகுப்பு வந்ததும் அவள் சைக்கிள் கேட்டாள். நான் முடியாது என்றேன். அவள் சாப்பிட மறுத்தாள். என் கணவர் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தார். பாயைக் கூப்பிட்டு, "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க பாய், வேணாம்னு" என்றேன்.

அவர் ஜெனியின் பக்கம் திரும்பினார். "சைக்கிள் ஓட்டறதுக்கு உனக்கு இன்னா வேணும்?"

"பின்னாடி வர்றது தெரியணும்! அவ்ளோதான்! அம்மாக்கு அதான் பயம்!" என்று கத்தினாள்.

"பாய், அவளைக் கேட்டா அவ அப்படித்தான் சொல்லுவா. என்னைக் கேளுங்க!"

"மேனேஜரைக் கேட்டு ஒரு தடவை பட்டது போதும் மேடம்" என்றார் பாய்.

மறுநாள் காலையில் ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஒரு பழைய துணி மூட்டையோடு வந்தார். பிரித்தால் இரண்டு கண்ணாடிகள். அவர் ஸ்கூட்டரிலிருந்து எப்போதோ கழற்றியவை. சைக்கிளின் ஹேண்டில்பாரில் இரு பக்கமும் அவற்றைப் பொருத்தி, ஜெனியை உட்காரவைத்து, அவள் கண்ணுக்குச் சரியாக வரும்வரை திருப்பித் திருப்பி முடுக்கினார். முழுதாக இருந்த ஒரு பொருளில் பாய் கூடுதலாக ஒரு பாகத்தை மாட்டியதை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன்.

"கண்ணாடி ஆப்ஷன்னு சொன்னீங்களே?" என்றேன்.

"எனக்கு ஆப்ஷன். இவளுக்குக் கட்டாயம்."

கேட்டைத் திறந்துவிட்டேன். அவள் திரும்பி வருகிறவரை வாசலிலேயே நின்றேன். இப்போதும் அப்படித்தான் நிற்கிறேன்.

பாய் ரிட்டையர் ஆகிவிட்டார். அவருக்கும் இப்போது காது கொஞ்சம் மந்தம். ஸ்கூட்டருக்கு வேறு கண்ணாடி வாங்கி மாட்டுங்கள் என்றால் கேட்கிற ஆளா? அதனால் சாலையில் அவரைக் கண்டால் நான் ஹாரன் அடிப்பதில்லை. என் வண்டியை மெதுவாக்கி, எந்த லாரியும் அவரை உரசிக்கொண்டு போகாதபடி, அவர் வீட்டுத் தெரு திரும்பும்வரை பின்னாலேயே போகிறேன். அவருக்கு இது தெரியாது. கண்ணாடிதான் இல்லையே.