மூன்றாம் தரப்பு ஆறு

நெருப்பு, சக்கரம், அச்சு இயந்திரம் ஆகியவற்றுக்குப் பிறகு மனித குலத்தின் அடுத்த பெரும் பாய்ச்சல் ஜொகூர் பாருவில், ஒரு கடைவீட்டின் மூன்றாம் மாடியில் நிகழ்ந்தது. அங்கேதான் ஹேமநாதன் 'நீர்க்கண்' என்ற தரவுத் தளத்தை நிறுவினார். ஆறு பெருகினால் கரையோரத்து மக்களின் கைப்பேசிகளுக்கு எச்சரிக்கை அனுப்புவது அதன் புனிதக் கடமை. அதற்காக நீர்க்கண்ணைச் சேர்ந்த யாரும் ஆற்றங்கரைக்குப் போனதில்லை. போய்ப் பார்ப்பது கற்கால வழக்கம் என்பது ஹேமநாதனின் கொள்கை.

நீர்மட்டத்தை விற்பதற்கு மூன்று நிறுவனங்கள் இருந்தன. ஒன்று செனாயில், ஒன்று சிங்கப்பூரில். மூன்றாவதற்கு இணையத்தளம் இருந்தது, ஊர் இல்லை. ஒரு கணினி இன்னொரு கணினியிடம் கேட்டு விவரம் வாங்கும் ஏற்பாட்டுக்கு ஏபிஐ என்று பெயர். அதன் வழியாக இம்மூன்றையும் நீர்க்கண்ணோடு இணைத்தவள் அமண்டா. சொந்த ஊர் சிகாமட். அங்கே பெற்றோர் இருக்கும் தெரு முழுவதையும், கிறிஸ்துமஸ் விருந்தன்று வீடு வீடாகப் போய் நீர்க்கண்ணில் பதிய வைத்தவளும் அவள்தான்.

மூன்று மூலங்களும் ஒரே எண்ணைச் சொன்னால் அதற்கு 'உண்மை' என்று பெயர். அந்த உண்மை ஒன்பது மீட்டரைத் தொட்டால் எச்சரிக்கை தானாகவே பறக்கும். மூலங்களும் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. சிகாமட் ஆறு ஆறு மீட்டர் என்றது செனாய். ஆறு என்றது சிங்கப்பூர். ஊர் இல்லாததும் ஆறு என்றது. இந்த ஒற்றுமை என் அண்ணன் தம்பிகளிடம்கூட இல்லை என்று ஹேமநாதன் அடிக்கடி நெகிழ்வார்.

டிசம்பர் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மதியம், அமண்டாவின் தாயார் டோரிஸ் அழைத்தார்.

"வேலையா இருக்கியா?"

"சொல்லுங்கம்மா."

"பின் கேட்டு வரைக்கும் தண்ணி வந்துடுச்சு. ஃப்ரிட்ஜைத் தூக்கி மேசை மேல வைக்கலாமான்னு அப்பா கேக்கறாரு. பக்கத்து வீட்ல எல்லாம் டிவி பாத்துக்கிட்டு இருக்காங்க. நீர்க்கண் ஒண்ணும் சொல்லலையே, ஆண்ட்டி ஏன் பயப்படறீங்கன்னு கேக்கறாங்க."

அமண்டா திரையைப் பார்த்தாள். பச்சை விளக்கு. ஆறு, ஆறு, ஆறு. நேரே ஹேமநாதனின் அறைக்குப் போனாள்.

"பாஸ், சிகாமட்ல தண்ணி ஏறுது. எச்சரிக்கை அனுப்பணும்."

"எந்த மூலம் சொல்லுது?"

"எங்கம்மா."

ஹேமநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா நம்ம அங்கீகரிக்கப்பட்ட தரவு வழங்குநரா?"

"அம்மா வழங்குநர் இல்ல பாஸ். அம்மா."

"அவங்களுக்கு ஏபிஐ இருக்கா?"

"போன் இருக்கு."

"அதான் பிரச்சினை லா. போன்ல பேசறது கட்டமைக்கப்படாத தரவு."

அவள் அப்பா பெர்னார்ட் அனுப்பியிருந்த படத்தைக் காட்டினாள். வீட்டின் பின் கேட்டை ஒட்டி, வேட்டியை மடித்துக் கட்டியபடி, முழங்காலளவு தண்ணீரில் அவர் நின்றுகொண்டிருந்தார். ஹேமநாதன் அதைப் பெரிதாக்கி ஓர் ஆராய்ச்சியாளரின் பொறுமையோடு பார்த்தார்.

"உங்கப்பா எவ்வளவு உயரம்?"

"எதுக்கு பாஸ்?"

"குள்ளமானவரா இருந்தா தண்ணி அதிகமாத்தான் தெரியும்."

அமண்டா வெளியே வந்து செனாய்க்கு அழைத்தாள். அங்கே தங்கராஜு என்பவர் மிகுந்த கனிவோடு பேசினார். "நாங்க ஆத்துல எல்லாம் இறங்கறது இல்ல மா. சிங்கப்பூர்ல வாங்கி, கொஞ்சம் பாலிஷ் பண்ணி உங்களுக்குத் தர்றோம்." சிங்கப்பூரில் ஒரு பெண், தாங்கள் 'உலகத்தரமான இணைய மூலம்' ஒன்றிலிருந்து எடுப்பதாகச் சொன்னாள். அது அந்த ஊர் இல்லாத நிறுவனம். அவர்களுக்கு அமண்டா எழுதிக் கேட்டாள். உடனே பதில் வந்தது: எங்கள் சிகாமட் தரவுகள் அனைத்தும் ஜொகூரின் நம்பகமான 'நீர்க்கண்' தளத்திலிருந்து பெறப்படுகின்றன.

அவள் மறுபடியும் ஹேமநாதனிடம் ஓடினாள்.

"பாஸ், மூணு பேரும் சுத்திச் சுத்தி நம்மகிட்டதான் எடுக்கறாங்க. நம்மகிட்ட அந்த ஆறு எங்கேருந்து வந்துச்சு?"

"அது நான் போட்டது," என்றார் அவர் அடக்கத்தோடு. "திறப்பு விழா அன்னிக்குத் திரை காலியா இருந்துச்சு. சட்டமன்ற உறுப்பினர் ஒய்பி வேற வந்துட்டாரு. ஆறுதானே, ஆறுன்னே போட்டேன்." பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்: "அப்போ சிங்கப்பூர்காரனே என் நம்பரை ஏத்துக்கிட்டானா?"

அந்தச் சர்வதேச அங்கீகாரத்தில் அவர் திளைத்திருக்க, அமண்டா தன் மேசைக்குத் திரும்பினாள். சிகாமட் என்ற கட்டத்திலிருந்த ஆறை அழித்தாள். ஒன்பது என்று அடித்தாள்.

ஊர் இல்லாத நிறுவனம் ஒன்பதை எடுத்துக்கொண்டது. அதனிடமிருந்து சிங்கப்பூர் வாங்கியது. சிங்கப்பூரிடம் வாங்கி, பாலிஷ் போட்டு, செனாய் திருப்பித் தந்தது. மூன்று மூலங்களும் ஒருமனதாக ஒன்பது என்றன. ஆகவே அது உண்மையாயிற்று. விளக்கு சிவந்தது. சிகாமட்டின் கரையோரக் கைப்பேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறின.

சாயங்காலம் டோரிஸ் பள்ளிக்கூட மண்டபத்திலிருந்து பேசினார். "எல்லாரும் வந்து சேந்துட்டோம். ஃப்ரிட்ஜ் போச்சு. போன் அடிச்சப்புறம்தான் பக்கத்து வீட்டு ஆண்ட்டி கெளம்புனாங்க. கால் நனைஞ்சப்பகூட நம்பல." அப்பா பக்கத்தில் இருமுவது கேட்டது. அமண்டா கழிப்பறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

வெள்ளம் வடிந்ததும் நிர்வாகக் கூட்டம் கூடியது. மூன்று மூலங்களையும் ஒருங்கிணைத்து உயிர்களைக் காத்த தொலைநோக்குக்காக ஹேமநாதனுக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. செனாய், சிங்கப்பூர் நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. ஊர் இல்லாத நிறுவனத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. ஆற்றங்கரையில் ஓர் அளவுகோல் நடலாம் என்ற அமண்டாவின் யோசனை, 'தொழில்நுட்பத்துக்கு எதிரானது' என்று ஒத்திவைக்கப்பட்டது.

கடைசியாக, சரிபார்க்கப்படாத தரவைத் தளத்தில் ஏற்றிய குற்றத்துக்காக அமண்டாவுக்கு ஓர் எச்சரிக்கை வழங்கப்பட்டது. எந்த மூலத்தையும் கேட்காமல் நீர்க்கண் தானாகவே முன்வந்து வெளியிட்ட முதல் எச்சரிக்கை அதுதான்.