வெல்லத்துக்கு எதிர்த்தட்டில் நான்

ஓரிடத்தில் சும்மா உட்கார முடியாத பிறவி நான். அப்படிப்பட்டவனுக்குப் பத்து வயதில் சர்க்கரை வியாதி வந்தால், வியாதியைவிட வீட்டில் அடைபடுவதுதான் பெரிய துன்பம்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. தண்டையார்பேட்டையில் ஒண்டுக்குடித்தனம். காலையில் அம்மா கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, என் சிறுநீரைச் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவாள். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. செங்கல் சிவப்பானால் ஏகப்பட்ட சர்க்கரை. அப்புறம் இன்சுலின் ஊசி. ஊசி பழகிவிட்டது. சிவப்பைக் கண்டதும் அம்மாவின் முகம் போகிற போக்குதான் பழகவில்லை.

"இன்னாத்த துன்னே? நெசத்த சொல்லு!" என்பாள். (எதையும் தின்றிருக்க மாட்டேன்.) அன்று முழுக்க வெளியே போகக் கூடாது.

ஒருநாள் கிண்ணத்தில் வெறும் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்தேன். நீலம்! அம்மா சிரித்தாள். நான் ராயபுரம் கடற்கரைக்கு ஓடினேன். மறுநாளும் தண்ணீர், மறுநாளும் கடற்கரை. ஒரு வாரம் நான்தான் ராஜா.

கிடங்கில் மூட்டை தூக்கும் அப்பா வாரக் கடைசியில் சொன்னார்: "வியாதி போய்ட்சி. அம்மனாண்ட வேண்டிகினபடி புள்ள எடைக்கு வெல்லம் குட்த்துட்டு ஊசிய நிறுத்திடலாம். வியாதியே இல்லாதவனுக்கு இன்னாத்துக்கு ஊசி?"

ஊசி நின்றால் பிள்ளை பிழைக்காது என்று டாக்டர் சொன்னது என் காதிலும் விழுந்திருந்தது. உண்மையைச் சொன்னாலோ மறுபடி சிவப்பு, மறுபடி சிறை. (உயிரா கடற்கரையா என்று ராத்திரியெல்லாம் யோசித்த அறிவாளி நான்.)

திருவொற்றியூரில் ஒரு சின்ன அம்மன் கோயில். அப்பாவின் கூட்டாளி காதர் பாய் கிடங்குத் தராசைக் கொண்டுவந்து வாசல் மரத்தில் கட்டிக் கொடுத்தார். ஒரு தட்டில் அச்சு வெல்லம், மறுதட்டில் நான். சர்க்கரை ஏறினால் தாகம் எடுக்கும். குடித்ததெல்லாம் உடனே வெளியே வரப் பார்க்கும்.

"மா, எறங்கட்டா?"

"தட்டு சமமாவட்டும். ஆடாம குந்துடா!"

ஆடாமல் குந்தினேன். அதனால்தான் அடக்க முடியாமல் போயிற்று.

ஊரே பார்த்தது. வெல்லத்தை மொய்த்திருந்த எறும்புகளும் பார்த்திருக்க வேண்டும். கீழே வழிந்த ஈரத்தை நோக்கி வரிசையாகக் கிளம்பின.

"இன்னா மாமு இது! வெல்லத்த உட்டுட்டு உம் புள்ளையாண்ட வருது!" என்றார் காதர் பாய்.

"எம்மா, ஒரு அச்ச எட்த்துரு! எடை கொறஞ்சிட்சி!" என்று என் அக்கா கத்தினாள். கூட்டம் குலுங்கிச் சிரித்தது.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எறும்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தண்ணியா புட்ச்சி குட்த்தே?"

தலையாட்டிவிட்டு, அடிக்குக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எம் மூஞ்சிக்கு பயந்துகினா?" என்று கேட்டாள். தட்டிலிருந்து என்னை அவளே இறக்கிவிட்டாள்.

மறுநாள் செங்கல் சிவப்பு. அம்மா ஒன்றும் கேட்காமல் ஊசி போட்டாள். "வெளிய போறதுன்னா போ. சோத்து நேரத்துக்கு வந்துரு" என்றாள்.

போனவன்தான். ஊசியும் கையுமாகப் பம்பாய், கல்கத்தா என்று சுற்றினேன். எப்போது ஊர் திரும்பினாலும், பேச்சு நடுவில் நான் எழுந்து கொல்லைப் பக்கம் போனால் போதும். பேரப்பிள்ளைகள் நடுவிலிருந்து கிழவி அக்கா குரல் கொடுக்கிறாள்:

"ஒரு அச்ச எட்த்துருங்கடி!"